ஐந்து மாதத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள், ஆள் நிற்க என்ன செய்வது?

காவேரிப்பட்டினத்தான்:
அப்பாவுக்குப் பக்கவாதம், வலது கை கால் வராது. ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் வைத்தோம், ஐந்து மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கடைசி அக்கா பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பையை எடுத்தவர், போனவர் போனவர்தான். மாதம் 21 ஆயிரம் கட்டுகிறோம். இன்னும் கூட்டிக் கொடுத்தால் நிற்பார்களா?

பாலக்கோடு அக்கா:
இந்த வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவள் சொல்கிறேன். நீங்கள் கட்டுவது இருக்கட்டும், அந்த அக்கா கைக்கு எவ்வளவு போனது என்று கேட்டீர்களா? ஓசூரில் ஒரு வீட்டில் 20 கட்டினார்கள், எனக்கு வந்தது 13. ஆனால் நான் விட்டது பணத்துக்காக இல்லை, தூக்கத்துக்காக. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும், ராத்திரி 10, 12, 2, 4 என்று எழுந்துகொண்டே இருப்பேன், பகலில் பெரியவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து "சும்மாதானே இருக்கிறாய், இந்தத் துணியை மடி" என்பார்கள். தனியாகத் தூக்கித் தூக்கி இடுப்பும் போச்சு. பழைய வேட்டியை நாலாக மடித்து பெரியவர் இடுப்புக்கு அடியில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினால் பாதி பாரம் குறையும். அந்த இன்னொரு ஆள் நீங்கள்தான் தம்பி.

காவேரிப்பட்டினத்தான்:
அந்தக் கடைசி அக்கா ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார். "அன்றைக்கு யார் பார்ப்பது" என்று அம்மா சொல்லிவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சூளகிரி:
நான் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் இதைத் தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதியுங்கள், பிசியோதெரபி வீட்டுக்கே வரும். அவர்கள் வரும்போது பார்த்துக்கொள்கிற ஆளையும் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். (எங்கள் கதையும் இதேதான். சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை, தொடக்கத்தில் 4,500 ரூபாய். என்னோடு சேர்ந்த இருவர் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், பிஎஃப், இஎஸ்ஐ உண்டு, வேன் தெருமுனைக்கே வருகிறது.)

பாலக்கோடு அக்கா:
சரி தம்பி, புது ஆள் தேடுவதற்கு முன்னால் பொங்கலுக்குப் போன அக்காவுக்கே ஒரு போன் போடுங்கள். அப்பாவின் பழக்கம் அவருக்குத் தெரியும். பாக்கி இருந்தால் அதை முதலில் அனுப்பிவிடுங்கள், அப்புறம் ஞாயிறு லீவு பற்றிப் பேசலாம்.