அப்பா இல்லாத குழு

வியாழன், இரவு 8:52

செல்வி: இந்தக் குழுவில் அப்பாவைச் சேர்க்கவில்லை. யாரும் சேர்த்துவிடாதீர்கள். வளைகாப்பு விஷயமெல்லாம் பழைய குழுவிலேயே இருக்கட்டும்.

கோமதி அத்தை: என்ன பிள்ளை பயமுறுத்துகிறாய்

செல்வி: டாக்டர் அப்பாவுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.8 சதவீதம். மருந்தை வாங்கி பிரிட்ஜில் வைத்ததோடு சரி, பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கேட்டால் "வளைகாப்பு முடியட்டும்" என்கிறார். வாக்கிங்கையும் விட்டுவிட்டார். விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

பாலா அண்ணன்: என்னிடம் எல்லாம் நார்மல் என்றாரே

செல்வி: சென்னையில் இருக்கிறவனிடம் வேறு என்ன சொல்வார்

கணேசன் மாமா: அன்பு உறவுகளுக்கு இரவு வணக்கம் 🙏 அத்தானுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மனம்தான். கவலைப்பட்டால் கார்டிசால், அட்ரினலின் என்னும் சுரப்புகள் கூடுகின்றன. அவை கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். பட்டினி கிடந்தாலும் அளவு ஏறும். ஆகவே அத்தான் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "எனக்குச் சர்க்கரை இல்லை, நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று 21 முறை மனதாரச் சொல்ல வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் சிரிப்புப் பயிற்சி. ஊசியே தேவைப்படாது. நான் பள்ளியில் இருந்தபோதே மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பிரியா: கார்டிசால் வரை சரி பெரியப்பா. கண்ணாடி வேண்டாம்.

இசக்கி சித்தப்பா: அத்தான், அந்த 48 நாள் ஞாபகம் இருக்கிறதா

கணேசன் மாமா: அது வேறு விஷயம்

கோமதி அத்தை: எப்படி வேறு? மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்து 420இல் வந்து நின்றது. மைனிதான் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்தார்கள்.

கணேசன் மாமா: முகாமை நான் நடத்தவில்லை. நோட்டீஸைக் காட்டினேன். அவ்வளவுதான்.

அம்மா: (குரல் செய்தி, 1:48)

பாலா அண்ணன்: அம்மா, மிக்சி சத்தம் மட்டும்தான் கேட்கிறது

அம்மா: தேங்காய் அரைக்கிறேன் அப்புறம் சொல்கிறேன்

பிரியா: எங்கள் வார்டுக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மீட்டரில் வரும் எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி நினைக்கிறார்கள். 230 என்று காட்டினால் வீட்டில் "நேற்று என்ன தின்றாய்" என்று விசாரணை. அந்தப் பேச்சுக்குப் பயந்து அடுத்த நாள் பார்ப்பதே இல்லை. மாமா கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

செல்வி: இரு, மீட்டரை எடுக்கிறேன்

செல்வி: பிப்ரவரி. அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின நாள். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

கோமதி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இசக்கி சித்தப்பா: என்னத்தை அழித்தாய்

இசக்கி சித்தப்பா: லட்டா

கோமதி அத்தை: நல்லதுக்குத்தான் எடுத்தேன்

பாலா அண்ணன்: அத்தை, சம்பந்தி வீட்டார் எதிரில், பந்தியில், அப்பா இலையில் கை வைத்து எடுத்தீர்கள். அப்பா பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். இன்றைக்கும் வெளியே எங்கும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

கோமதி அத்தை: தாத்தாவுக்குக் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான். நீங்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். இலையில் லட்டைப் பார்த்தால் எனக்கு அந்தக் கட்டில்தான் தெரிகிறது.

கணேசன் மாமா: இடையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குச் சித்ரான்னம் ஐந்தா ஏழா? சமையல்காரர் கேட்கிறார்.

செல்வி: மாமா, பழைய குழு

கணேசன் மாமா: அத்தானுக்கு என்று தனியாகக் கருப்பட்டி அல்வாவும் சொல்லியிருக்கிறேன். சீனி ஒரு துளி கிடையாது.

பிரியா: கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தத்துக்கு இரண்டும் ஒன்று.

கோமதி அத்தை: உடன்குடிக் கருப்பட்டியையும் சீனியையும் ஒன்று என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வருகிறது

பிரியா: அம்மா நீ தூங்கு

இரவு 9:31

இசக்கி சித்தப்பா: அண்ணனுக்கு ஊசியைக் கண்டு பயம் இல்லை. 1998இல் எங்கள் அப்பா திருச்செந்தூருக்கு நடந்தார். செருப்பில்லாமல். குதிகாலில் கொப்புளம். வலிக்கவே இல்லை என்று ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று முதல் இன்சுலின். ஐந்தாம் நாள் காலை வெட்டி எடுத்தார்கள். அண்ணன் கணக்கில் ஊசி வந்தால் அடுத்தது கால்.

செல்வி: இது எனக்குத் தெரியாது சித்தப்பா

பாலா அண்ணன்: எனக்கும்

பிரியா: வலிக்காததுதான் ஆபத்து. பல வருடம் சர்க்கரை கூடவே இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. தாத்தாவுக்கு இன்சுலின் வந்ததே கடைசி வாரத்தில். காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மாமாவுக்கு யாராவது சொன்னீர்களா?

இசக்கி சித்தப்பா: யார் சொல்வது. அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை.

இசக்கி சித்தப்பா: நானும் போடுகிறேன். இரண்டு வருடமாக.

கோமதி அத்தை: என்னது

பாலா அண்ணன்: சித்தப்பா??

செல்வி: சித்திக்குத் தெரியுமா

இசக்கி சித்தப்பா: வாங்கி வருவதே அவள்தான். ஊசி 4 மில்லிமீட்டர். கொசுக்கடிதான். ஆனால் முதல் நாள் போட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். போட்ட பிறகு பார்த்தால், பயந்தது ஊசிக்கு இல்லை என்று தெரிந்தது.

கோமதி அத்தை: கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா

இசக்கி சித்தப்பா: சொன்னால் என் இலையிலும் கை வைப்பாய்

கணேசன் மாமா: இப்போதுதான் படித்தேன், பகிர்கிறேன். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் அவனுக்கு இருந்த வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர வைத்தியமே இல்லையாம். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாண்டிங்கின் பிறந்தநாள் நவம்பர் 14. அதுவே உலக நீரிழிவு நாள்.

பாலா அண்ணன்: அது நேரு பிறந்தநாள்

கணேசன் மாமா: இருவருக்கும்தான். ஒரே நாளில் இரண்டு பேர் பிறக்கக் கூடாதா?

செல்வி: சனிக்கிழமை காலை டாக்டரிடம் யார் கூட்டிப்போவது? எனக்கு அலைய முடியாது.

பாலா அண்ணன்: நாளை இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பார்க்கிறேன். வந்தால் நான்.

இசக்கி சித்தப்பா: நாளைக்கே வந்து ராத்திரி தங்குகிறேன். படுக்கும் முன் அண்ணன் எதிரில் போட்டுக்கொள்வேன். ஒன்றும் பேச மாட்டேன்.

பிரியா: அது போதும் மாமா. எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடமே மறுபடி கேளுங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அத்தை, மருந்து பிரிட்ஜ் கதவில்தானே இருக்கிறது?

அம்மா: கெட்டுப்போகக் கூடாது என்று நேற்று மேலே ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். மீன் பக்கத்தில்.

பிரியா: ஐயோ அத்தை. உறைந்துவிட்டால் அதைப் போடக் கூடாது. புதிதாக வாங்க வேண்டும்.

கோமதி அத்தை: அஞ்சு நாள் மீனா மைனி

கணேசன் மாமா, அப்பாவைச் சேர்த்தார்

செல்வி: மாமா!!!!

கணேசன் மாமா: டொராண்டோ தகவல் அவருக்குப் பயன்படுமே என்று

பிரியா: பதறாதீர்கள், அவருக்குப் பழைய செய்திகள் தெரியாது

அப்பா: என்ன பழைய செய்தி

செல்வி, குழுவின் பெயரை "வளைகாப்பு 2" என்று மாற்றினார்

அப்பா: முன்பு இருந்த பெயரையும் பார்த்துவிட்டேன்

இரவு 10:04

அப்பா: உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். மிக்சியை நிறுத்திவிட்டு.

கோமதி அத்தை: அண்ணன்

அப்பா: இசக்கி, நாளைக்கு வரும்போது உன் இன்சுலின் பேனாவை எடுத்து வா

பிரியா: மாமா, ஒருவர் பேனாவை இன்னொருவர் போடவே கூடாது. ஊசியை மாற்றினாலும் கூடாது.

அப்பா: போடுவதற்கு இல்லை. பார்ப்பதற்கு.

இசக்கி சித்தப்பா: சரி அண்ணன்

பாலா அண்ணன்: அப்பா, சனிக்கிழமை டாக்டர்?

அப்பா: பார்க்கலாம். பந்தல்காரன் வேறு அன்றைக்குத்தான் வருகிறான்.

கோமதி அத்தை: அண்ணன் நான் ஞாயிற்றுக்கிழமை பந்தியில் உட்காரவில்லை. பரிமாறுகிறேன்.

அப்பா: அதுதான் பயமாக இருக்கிறது

கணேசன் மாமா: அப்படியென்றால் கருப்பட்டி அல்வா வேண்டுமா வேண்டாமா? சமையல்காரர் லைனில் இருக்கிறார்.

பாலா அண்ணன்: நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட் 37

அம்மா: (குரல் செய்தி, 0:09)