நாள்பட்ட கணைய அழற்சி இருந்தால் தனியார் மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: நான்கு வருடமாக இந்த நோய், சாப்பாட்டோடு செரிமானத்துக்கு என்சைம் மாத்திரை. இரண்டு நிறுவனங்கள் திருப்பிவிட்டன. ஏஜென்ட் ஒருவர், "விண்ணப்பத்துல ஏற்கெனவே நோய் இருக்கான்னு கேக்குற கட்டத்துல 'இல்லை'ன்னு போட்டுடுங்க"ன்னு சொல்கிறார். போடலாமா?

பதில் 1: போடாதீர்கள். பிரீமியம் வாங்கும்போது யாரும் தோண்டமாட்டார்கள், க்ளெய்ம் போடும்போதுதான் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வெளியே வரும், அந்த மாத்திரைச் சீட்டு ஒன்றே காட்டிக்கொடுக்கும். அப்போது ஏஜென்ட் போனை எடுப்பாரா?

பதில் 2: எனக்கும் இதே கதைதான். வேலையிடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள், அதில் பெரும்பாலும் ஒவ்வொருவர் உடம்பையும் துருவமாட்டார்கள். தனி பாலிசி என்றால் காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை இந்த நோய்க்குக் க்ளெய்ம் இல்லை), கூடுதல் பிரீமியம், இல்லாவிட்டால் கணையத்துக்கு மட்டும் நிரந்தர விலக்கு, அதாவது அந்தச் செலவை எப்போதும் தரமாட்டார்கள். அந்த விலக்கு வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். 'கணையமும் அது சார்ந்த சிக்கல்களும்' என்று இருந்தால், இன்சுலின் குறைந்து பின்னால் வரும் சர்க்கரை நோயையும் அதில் சேர்த்துவிடுவார்கள். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனித்தேன்.

கேள்வி கேட்டவர்: ஐயோ, சர்க்கரை எல்லையில்தான் நிற்கிறது. விண்ணப்பத்தோடு என்ன வைக்கலாம்?

பதில் 2: கடைசி ஸ்கேன், மூன்று மாதச் சர்க்கரை சராசரி, அப்புறம் கடைசி வலி எப்போது வந்தது, குடி சிகரெட் உண்டா என்று டாக்டர் எழுதிய கடிதம்.