புதுப்பிப்பு: செவ்வரத்தை மொட்டு உதிர்வது நின்றுவிட்டது

வெள்ளவத்தை மாடி வீட்டில் சாடியில் நிற்கும் செவ்வரத்தை விரியாமலே மொட்டு உதிர்க்கிறது, கணுவெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. அது மாவுப்பூச்சிதான். கைகொடுத்தது வேப்பெண்ணெய் யோசனை: 1 லீட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலீட்டர் எண்ணெய், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைய, வாரம் ஒருமுறை தெளித்தேன்.

எதிர்பாராதது எறும்பு. பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அவை அதைக் காவல் காக்கின்றன. தண்ணீர்த் தட்டில் கல் வைத்துச் சாடியை அதன்மேல் ஏற்றிய பிறகுதான் பூச்சி திரும்பவில்லை. டெங்கு பயத்தால் தட்டுத் தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன். பூசைக்குப் பூ கிடைக்கிறது. அம்மா தலைக்கு அரைக்க இலை கேட்கிறா, மருந்து படாத துளிர் வரட்டும் என்றிருக்கிறேன்.