அரங்கம் கட்டும் காலத்தில் அணி பட்டினி கிடக்க வேண்டுமா?

லில்லிவைட் பாளை

பாளையங்கோட்டையில் நாங்கள் சின்ன வயதிலிருந்து ஆடிவந்த கால்பந்து மன்றத்தில் இப்போது பெரிய வாக்குவாதம். மைதானத்துக்கு கேலரியும் நிரந்தர மின்விளக்கும் போடப் பணம் திரட்டுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களும் கொடுத்திருக்கிறார்கள், உள்ளூர்க் கடைக்காரர்களும் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில், பையன்களைத் தூக்கி நிறுத்திய கோச்சுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்து அழைப்பு வந்துவிட்டது. சம்பளத்தைக் கூட்டி அவரை இருக்க வைப்பதா, கேலரியை முடிப்பதா என்று இரண்டு கட்சியாகி நிற்கிறோம்.

நான் கோச் கட்சி. காரணம் டாட்டன்ஹாம், நான் ரசிக்கும் லண்டன் கிளப். 2017-ல் பழைய அரங்கமான ஒயிட் ஹார்ட் லேனை இடித்தார்கள். 36 ஆயிரம் பேர் உட்கார்ந்த இடத்தில் 62,850 இருக்கைகள், செலவு ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. 2018 செப்டம்பரில் திறப்போம் என்றார்கள், 2019 ஏப்ரல் வரை இழுத்தது. அதுவரை லண்டனின் இன்னொரு அரங்கமான வெம்ப்ளியில்தான் ஆட்டம். 2018 கோடையில் ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு பருவத்தில் மட்டும் வீரர்களை வாங்கி விற்கும் சந்தை முறை 2003-ல் வந்ததிலிருந்து, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் அப்படி ஒரு கோடையைக் கழித்த முதல் கிளப் அதுதான். அடுத்த ஜனவரியிலும் யாரும் வரவில்லை. அந்த அணியை வைத்துக்கொண்டுதான் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், பொச்செட்டினோ 2019 ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை போனார். நவம்பர் 19 அன்று அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. கட்டடம் மிஞ்சியது, கட்டி எழுப்பியவர் போய்விட்டார்.

அம்பை கன்னர்

தம்பி, நான் ஆர்சனல் ரசிகன் என்று உனக்குத் தெரியும். பகை வைத்து எழுதவில்லை, நாங்கள் இதே பாதையில் உங்களுக்கு முன்னால் நடந்தவர்கள்.

எங்கள் பழைய ஹைபரி அரங்கத்தில் 38 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். 2006-ல் புது எமிரேட்ஸ் அரங்கம் திறந்தபோது 60 ஆயிரம். செலவு 39 கோடி பவுண்டு. அதற்காக எங்கள் மேனேஜர் வெங்கர் என்ன கொடுத்தார் என்று பார். 2007-ல் நட்சத்திர வீரர் ஹென்றி போனார், 2011-ல் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும், 2012-ல் வான் பெர்சி, அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. விற்க விற்க இளம் பையன்களை வைத்து அணியைத் தைத்தார். அத்தனை ஆண்டும் சாம்பியன்ஸ் லீகில் ஆர்சனல் இருந்தது. மனுஷன் 2018 வரை நின்றார். பெரிய லட்சியம் உள்ள மேனேஜர் என்றால் காசு கேட்டு மிரட்டுகிறவர் என்று ஏன் நினைக்கிறாய்? கிளப்பின் நாளைக்காகத் தன் பெயரில் அடி வாங்கிக்கொள்கிறவரும் லட்சியக்காரர்தான். மைதானம் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

பேட்டை ஃபார்வர்டு

2005 எஃப்ஏ கோப்பைக்கு அப்புறம் 2014 வரை ஒரு கோப்பை இல்லை, அண்ணாச்சி. 2003-04-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் ஜெயித்தவர் வெங்கர். அவருடைய நல்ல ஆண்டுகளைக் கடன் தவணையில் கரைத்தீர்கள். அவர் நின்றார் என்பது அவருடைய பெருமை. அதை நிர்வாகத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

வங்கிக் கணக்கு

கடன் கணக்கு பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் 'அரங்கமா, அணியா' என்று ஒரே பணப்பெட்டியாகப் பார்க்கிறீர்கள். அப்படி இல்லை.

டாட்டன்ஹாம் கட்டும்போது வாங்கியது வங்கிக் கடன். 2017-ல் 40 கோடி பவுண்டு, ஐந்தாண்டில் முடிக்க வேண்டியது. செலவு ஏற ஏற மொத்தம் 63.7 கோடிக்குப் போனது. கட்டி முடிக்காத கட்டடத்துக்கு யாரும் 30 வருஷக் கடன் எளிதில் தர மாட்டார்கள். வேலை முடியுமா, எப்போது முடியும், கூட்டம் வருமா, எதுவும் உறுதியில்லை. கதவு திறந்து கூட்டம் வந்த பிறகு, 2019 செப்டம்பரில், அதில் 52.5 கோடியை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார்கள். சராசரி 23 ஆண்டு, சராசரி வட்டி 2.66%. வருஷ வட்டி ஒன்றரைக் கோடி பவுண்டுக்குப் பக்கத்தில்தான் வரும். அந்த அளவுள்ள கிளப்புக்கு அது பாரமே இல்லை. 2022-23-ல் ஆட்ட நாள் வருமானம் மட்டும் 10 கோடியைத் தாண்டியது. போதாததற்கு அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள், குத்துச்சண்டை, பியோன்சேயின் ஐந்து இரவுகள்.

ஆக, நெருக்கடி என்றால் அது 2017-க்கும் 2019-க்கும் இடையில் இருந்த ஒரு சந்து. அந்தக் குறுகிய சந்தினைக் கடக்கும்போது அணிக்கென்று பணம் ஒதுக்கி வைத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. எனக்கு வயிறு எரிகிற இடம் இது: 2018 ஜூனில் முடிந்த ஆண்டில் டாட்டன்ஹாமின் வரி போக லாபம் 11.3 கோடி பவுண்டு. அதுவரை எந்தக் கால்பந்து கிளப்பும் அவ்வளவு லாபம் காட்டியதில்லை. அந்தக் கோடையில்தான் ஒருவரையும் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு வருமானம் 46 கோடி, சம்பளத்துக்குப் போனது 39% மட்டும். மற்ற பெரிய கிளப்புகள் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தன. கடன்காரன் கழுத்தைப் பிடித்ததால் அணி பட்டினி கிடக்கவில்லை. நிர்வாகம் பயந்து கையை இறுக்கியது.

லில்லிவைட் பாளை

அக்கா, நீங்கள் சொன்னது என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. 11.3 கோடி லாபம் சம்பாதித்துக் கொடுத்தது யார்? தொடர்ந்து மூன்று ஆண்டு முதல் மூன்று இடத்துக்குள் அணியை வைத்திருந்தவர். அந்தப் பணம் காங்கிரீட்டுக்குள் போனது.

வாங்காததைவிட எனக்கு வலிப்பது, இருந்தவர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதுதான். எரிக்சனை 2020 ஜனவரியில் இத்தாலியின் இன்டருக்குச் சுமார் 1.7 கோடிக்குக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் ஆறே மாதம் மிச்சம், அதனால் அந்த விலை. வெர்டோங்கன் அதே ஆண்டுக் கோடையில் இலவசமாகப் போனார். அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், டெம்பெலேயை நடு சீசனில் சீனாவுக்கு விற்றுவிட்டு, அவர் இடத்துக்கு ஆள் வாங்கவில்லை. நடுக்களத்தில் பந்தைக் காலில் வைத்து அழுத்தத்தைத் தாங்க ஒருத்தர் இல்லாமல் அணி எப்படி இரண்டாகப் பிளந்தது என்பதை அந்த வசந்த கால ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னால் விழுகிற கோலை மட்டும் பார்த்து டிஃபன்ஸைத் திட்டினோம்.

அற்புதமான வீட்டைக் கட்டியிருக்கிறோம், இனி உள்ளே சாமான் வாங்கிப் போட வேண்டும் என்கிற அர்த்தத்தில் பொச்செட்டினோ வெளிப்படையாகவே பேசினார். அதற்கு அப்புறம் அவசர அவசரமாக 5 கோடிக்கு மேல் கொடுத்து எண்டோம்பெலேயை வாங்கினார்கள். அவர் அங்கே நிலைக்கவே இல்லை. இரண்டு சந்தைப் பருவம் பட்டினி போட்டுவிட்டு ஒரே நாளில் விருந்து வைத்தால் உடம்பு ஏற்காது.

தென்காசிச் சாரல்

அக்கா வட்டியைப் பாரமில்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டார். லண்டனில் சரி. ஸ்பெயின் கிளப்பான வலென்சியாவைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் புது மெஸ்தாயா அரங்க வேலையைத் தொடங்கினார்கள். பழைய மைதானத்து நிலத்தை விற்று அந்தப் பணத்தில் கட்டுவது திட்டம். 2008-ல் ஸ்பெயினில் நிலச் சந்தை சரிந்தது, நிலத்தை வாங்க ஆளில்லை. 2009 பிப்ரவரியில் வேலை நின்றது. அப்புறம் 2025 ஜனவரி வரை அந்த காங்கிரீட் கூடு நகருக்குள் அப்படியே நின்றது.

அப்போது மேனேஜர் உனாய் எமெரி. 2010-ல் வியாவையும் சில்வாவையும் விற்றார்கள், 2011-ல் மாட்டாவையும். அவர்களை விற்றுக்கொண்டே அவர் அணியைத் தொடர்ந்து மூன்று முறை மூன்றாம் இடத்தில் நிறுத்தினார். 2012-ல் கிளம்பினார். யார்தான் கிளம்ப மாட்டார்கள்?

இன்னும் கீழே போனால் இங்கிலாந்தின் சின்ன கிளப்பான டார்லிங்டன். 2003-ல் 25 ஆயிரம் பேருக்கு அரங்கம். பார்க்க வந்தது சில ஆயிரம் பேர். சில மாதத்திலேயே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. கிளப்பின் கூட்டம் எவ்வளவு என்று எண்ணாமல் உரிமையாளர் தன் ஆசைக்குக் கட்டினார். சின்ன ஊர்க்காரர்கள் நாம் படிக்க வேண்டிய பாடம் லண்டனில் இல்லை, அங்கே இருக்கிறது.

அம்பை கன்னர்

சாரல், வலென்சியா அரங்கத்தால் விழவில்லை. விற்காத நிலத்தை விற்றதாக நினைத்துச் செலவு செய்ததால் விழுந்தது. ஆர்சனல் அதையே முறையாகச் செய்தது. எமிரேட்ஸ் விமான நிறுவனத்திடம் பெயருரிமையும் சட்டை விளம்பரமும் சேர்த்து 2004-லேயே 10 கோடிக்கு ஒப்பந்தம். ஹைபரியை அடுக்குமாடி வீடுகளாக்கி விற்றார்கள். அந்த ஒப்பந்தம் பின்னால் மலிவாகப் போய்விட்டது என்று எங்கள் ஆட்களே புலம்பினோம், ஆனால் கட்டும்போது கையில் காசு இருந்தது. டாட்டன்ஹாம் நல்ல விலைக்குக் காத்திருந்து, திறந்து பல ஆண்டுகள் ஆகியும் பெயரை விற்கவில்லை.

இன்னொன்று. லட்சியக்காரரைப் பணம் கொடுத்துப் பிடித்து வைக்கலாம் என்கிற நம்பிக்கையே எனக்கு இல்லை. 2021-ல் ரியல் மாட்ரிட் கூப்பிட்டதும் மேனேஜர் அன்செலோட்டி இங்கிலாந்துக் கிளப் எவர்டனை விட்டுப் போனார். எவர்டன் அவருக்கு என்ன குறை வைத்தது? கிரஹாம் பாட்டர் 2022 செப்டம்பரில் பிரைட்டனில் இருந்து செல்சிக்குப் போனார். பிரைட்டன் 2 கோடிக்கு மேல் இழப்பீடு வாங்கிக்கொண்டு டி செர்பியை உட்கார வைத்து, அதே சீசனில் ஆறாம் இடம் பிடித்து முதல் முறையாக ஐரோப்பாவுக்குப் போனது. அவர்களுக்கு 2011-லேயே கட்டி முடித்த சொந்த மைதானம் இருந்தது, அடுத்த மேனேஜர் யார் என்ற பட்டியலும் தயாராக இருந்தது. போகிறவரைப் பிடித்து இழுப்பதைவிட, அவர் போனாலும் அசையாத கிளப்பைக் கட்டுவது மேல்.

பேட்டை ஃபார்வர்டு

சிமியோனேயை மறந்துவிட்டீர்கள். 2011 டிசம்பரில் ஸ்பெயினின் அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு மேனேஜராக வந்தார். 2017-ல் புது அரங்கத்துக்கு மாறினார்கள், அடுத்த மே மாதமே யூரோப்பா லீக் கோப்பை, 2021-ல் ஸ்பெயின் லீகான லா லிகா. சம்பளத்தை அள்ளிக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். கொடுத்தால் நிற்பவர்களும் உண்டு.

வங்கிக் கணக்கு

எவர்டன் பெயர் வந்ததால் ஒன்று. அப்போதிருந்த பிரீமியர் லீக் விதிப்படி மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டு வரைதான் நஷ்டம் காட்டலாம் என்று இருந்தது. அரங்கம் கட்டும் செலவு அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் கடன் வட்டியையும் அரங்கச் செலவாகக் கழிக்க, புது அரங்கம் கட்டிக்கொண்டிருந்த எவர்டன் கேட்டதை ஆணையம் ஏற்கவில்லை. 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டு, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. கட்டுவதற்குத் தனிப் பணம், அணிக்குத் தனிப் பணம் என்று முதல் நாளிலேயே எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான். மேனேஜர் கையெழுத்துப் போடும்போதே அந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டும். வெங்கருக்கு நிலைமை தெரிந்து நின்றார். பொச்செட்டினோ 2018 மே மாதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார், அதற்கு அடுத்து வந்த சந்தையே வெறுமையாகப் போனது.

கொக்கிரகுளம் கோல்கீப்பர்

அண்ணாச்சிகளே, அக்கா, நான் அந்த மன்றத்துப் பையன். லண்டன் கதை முடிந்தால் நம் மைதானத்துக்கு வருவோம்.

காலை ஐந்தரைக்கு கோச் மைதானத்தில் நிற்பார், எட்டு மணிக்குள் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிறவர்களும் ஓடிவிடுவோம். நடுப்பகல் வெயிலில் ஆட முடியாது. சாயங்காலம் கல்லூரி விட்டு வந்து சேர ஐந்தரை ஆகிவிடும், ஆறரைக்கு இருட்டு. ஒரு நாளைக்கு முழு அணியும் சேர்ந்து ஆடுவது ஒரு மணி நேரம். மின்னொளி ஆட்டம் என்றால் மைக் செட்காரரிடம் ஃபோகஸ் லைட் வாடகைக்கு எடுத்து சவுக்குக் கம்பில் கட்டுகிறோம். ஜெனரேட்டர் டீசல் தனி. வெளிச்சம் எல்லாம் நடுவில் விழும், என் கோல் ஏரியாவில் பாதி நிழல். உயரப் பந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கார்னர் என்றாலே பயமாக இருக்கும்.

கோச்சிடம் நானே கேட்டேன். சம்பளத்தைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. அந்தப் பள்ளியில் நாலு மூலையிலும் விளக்குக் கம்பம் இருக்கிறது, ராத்திரி எட்டு வரை பயிற்சி கொடுக்கலாம் என்றார். எனக்குப் புரிந்தது இதுதான்: விளக்கு கோச்சுக்கானது, கேலரி பார்க்க வருகிறவர்களுக்கானது. டாட்டன்ஹாமே அரங்கத்துக்கு முன்னால் 2012-ல் என்ஃபீல்டில் பயிற்சி மையத்தைத்தானே கட்டியது? திரட்டிய பணத்தில் முதலில் நாலு கம்பம், அப்புறம் கோச்சுக்கு இரண்டு வருஷச் சம்பளத்தை வங்கியில் தனியாகப் போடுங்கள். கேலரி பிறகு வரட்டும்.

அம்பை கன்னர்

தம்பி, நீ சொல்வது நியாயமாக இருக்கிறது, ஆனால் பணம் கொடுத்தவர்கள் கேலரிக்கென்று கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் தகப்பனார் பெயரைக் கல்லில் போட வேண்டும் என்று கேட்டே கொடுத்தார்கள். அதை எடுத்துச் சம்பளத்தில் போட்டால் அடுத்த முறை ஒருவரும் பத்து ரூபாய் தர மாட்டார்கள். கேலரியைத் தள்ளிப்போட்டால் அது வரவே வராது என்பது என் அனுபவம். கோச் நல்ல இடத்துக்குப் போகட்டும். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் அந்த இடத்துக்கு வரட்டும்.

லில்லிவைட் பாளை

இதில் நானும் நீங்களும் ஒத்துப்போக மாட்டோம், அண்ணாச்சி. ஆனால் கொடுத்தவர்களிடம் கேட்காமல் நாமே முடிவு செய்யக் கூடாது என்பது சரி. கல்லில் போடும் பெயரை விளக்குக் கம்பத்திலும் போடலாம். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கே எழுதுகிறேன். உள்ளூர்க் கடைக்காரர்களை கோல்கீப்பரும் பேட்டையும் நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அக்கா வந்து அந்த இரண்டு கணக்கையும் தாளில் போட்டுக் காட்ட முடியுமா?

வங்கிக் கணக்கு

வருகிறேன். இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்ற நோட்டை முதலில் எனக்கு அனுப்புங்கள். கோச்சையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் இல்லாமல் அவர் சம்பளத்தைப் பேச வேண்டாம்.