'ஹிட் த ரோடு': எங்க சொல்லலாம், எங்க சொல்லக்கூடாது?

தக்கலை வாசகர்:
"லெட்ஸ் ஹிட் த ரோடு"ன்னா "கெளம்புவோம்"னு தெரியும். "ஹிட் ஆன் த ரோடு"ன்னு எழுதினா தப்பா? ரயில்ல போறதுக்கும் சொல்லலாமா?

வடசேரி வாசகர்:
தப்புதான். 'ஹிட்'டுக்கு அடுத்து நேரே 'த ரோடு' வரணும், 'ஆன்' கூடாது. "ஹி வாஸ் ஹிட் ஆன் த ரோடு"ன்னு மெசேஜ் போனா, ரோட்டுல வண்டி இடிச்சுட்டுன்னு வீட்டுல பதறிப்போவாங்க. இறந்த காலத்துலயும் 'ஹிட்'தான், 'ஹிட்டெட்' கிடையாது: "வீ ஹிட் த ரோடு அட் ஃபைவ் யெஸ்டர்டே." அந்த 'யெஸ்டர்டே' இல்லன்னா நேத்தா, தினமுமான்னு தெரியாது. போற ஊரைச் சேர்க்க 'ஃபார்' போடுங்க: "ஹிட் த ரோடு ஃபார் மதுரை."

மார்த்தாண்டம் வாசகர்:
ரயிலுக்கு அவ்வளவா ஒட்டாது. காரோ பைக்கோ எடுத்து களியக்காவிளை தாண்டுறதுக்குத்தான் பொருத்தம். விருந்து வீட்டுல எழும்பும்போது "ஐ ஷுட் ஹிட் த ரோடு"ன்னும் சொல்லலாம், நம்ம "வரட்டா" மாதிரி. ஆபீஸ் கடிதத்துல வேண்டாம், அங்க கெளம்புறதுக்கு 'லீவ்'ங்கிற வினைச்சொல்லே போதும்.

வடசேரி வாசகர்:
ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணாச்சி. 'லெட்ஸ்' இல்லாம, ஒருத்தர் மூஞ்சியப் பாத்து மொட்டையா "ஹிட் த ரோடு!"ன்னா, "எடத்தக் காலி பண்ணு"ன்னு வெரட்டுறதாவும் ஆயிரும். வீட்டுக்கு வந்த மாமனார்கிட்ட சொல்லிராதீங்க.