மாணவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பா, ஒரு லட்சம் ரூபாய் லேப்டாப்பா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

கேட்பவர் (ஈரோடு)

தம்பிக்குக் கவுன்சலிங்கில் கோவையில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. அப்பா ஒதுக்கி வைத்திருப்பது நாற்பத்தைந்தாயிரம். மாமாவோ, "நாலு வருஷம் தாங்கணும்னா மேக்புக் ஏர்தான், பத்தாததை நான் போடுறேன்" என்று நிற்கிறார். யூடியூபில் பார்த்தால் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. விமர்சனம் செய்பவர் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார், நம் வீட்டுப் பிள்ளை நாலு வருடம் அதோடு குடும்பம் நடத்த வேண்டும். அதனால் கல்லூரிக்குள் கொண்டுபோய்ப் பயன்படுத்தியவர்களின் அனுபவம்தான் வேண்டும். விலைக்கேற்ற மதிப்பெண் பட்டியல் வேண்டாம்.

திருச்சி, மெக்கானிக்கல் இறுதியாண்டு

மெக்கானிக்கல் என்றதும் எழுத வந்தேன். என் ரூம்மேட்டிடம் இருப்பது மேக்புக் ஏர். முதல் வருடம் முழுக்க அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். எங்கள் ஹாஸ்டல் அறையில் மூன்று பேருக்கு ஒரே பிளக் பாயிண்ட். நாங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குச் சண்டை போடும்போது அவன் காலையில் சார்ஜரைக் கழற்றிவிட்டு வகுப்புக்குப் போய் இரவு வரை அப்படியே ஓட்டுவான். உள்ளே ஃபேனே கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்குக்கூடச் சத்தமில்லை.

மூன்றாம் செமஸ்டரில் சாலிட்வொர்க்ஸ் வந்தது. இயந்திரப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. அப்புறம் பாகம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிடும் ஆன்சிஸ், அதற்கும் மேக் பதிப்பு இல்லை. ஆட்டோகேடுக்கும் ஃபியூஷனுக்கும் மேக் பதிப்பு உண்டு என்பதால் அவன் முழுதாக மாட்டிக்கொள்ளவில்லை. ஃபியூஷனில் வரைந்து பழகி, சாலிட்வொர்க்ஸுக்குக் கல்லூரி லேபிலேயே உட்கார்ந்தான். லேப் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். நாங்கள் ஐம்பத்து இரண்டாயிரம் ரூபாய் விண்டோஸ் மெஷினில் அறையில் படுத்துக்கொண்டே அசெம்பிளி (பாகங்களை ஒன்றாகச் சேர்த்த மாடல்) முடித்தோம், அவன் மறுநாள் காலை ஒன்பது மணி வரை காத்திருந்தான். மேக்கில் விண்டோஸை உள்ளே ஏற்றி ஓட்டும் வழியும் இருக்கிறது. ஆனால் மாடலில் பாகங்கள் கூடக் கூட அது திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இதில் வேடிக்கை, கடைசியில் அவனுக்கு வேலை கிடைத்தது மென்பொருள் நிறுவனத்தில். அந்த வேலைக்குப் படிக்க எங்கள் எல்லோருடையதையும்விட அவன் மெஷின்தான் சரியாக இருந்தது.

அதனால் தம்பியின் சீனியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் லேபில் என்னென்ன மென்பொருள்? அந்தப் பட்டியல் கைக்கு வராமல் மாமாவின் காசைத் தொடாதீர்கள்.

சென்னை, ரிச்சி தெருவில் சர்வீஸ்

நான் படிக்கிறவன் இல்லை, படிக்கிறவர்கள் உடைத்துக்கொண்டு வருவதைச் சரி செய்கிறவன். ஜூன், ஜூலையில் புதிதாக வாங்குகிறார்கள், அடுத்த வருடம் வாரண்டி முடிந்த கையோடு என்னிடம் வருகிறார்கள்.

விலை குறைந்த மெஷினில் முதலில் போவது ஹின்ஜ். மூடியைத் தாங்கும் இரும்புக் கீல் நன்றாகத்தான் இருக்கும். அதை முடுக்கியிருக்கும் ஸ்க்ரூ, பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டில் உட்கார்ந்திருக்கும். மூடியின் ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால் அந்தப் பிளாஸ்டிக் வெடித்து, நட்டு தனியே பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்க்ரீன் ஓரம் பிளக்கும், கேபிள் நசுங்கும். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதை ஒரு கையால் திறந்து பாருங்கள். அடிப்பக்கம் சேர்ந்து தூக்கினாலோ விசைப்பலகை நடுவில் அமுங்கினாலோ கொஞ்சம் யோசியுங்கள். திறக்கும்போது மூடியின் நடுவில் பிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள், பாதி ஹின்ஜ் பிழைத்துவிடும்.

பிரீமியம் கெடாது என்று நினைக்க வேண்டாம், கெட்டால் பில் பெரிதாக வரும். மெல்லிய மெஷின்களில் ரேமை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். விசைப்பலகையை மேல்மூடியோடு சேர்த்து அடித்திருப்பார்கள். ஹாஸ்டலில் ஒரு டம்ளர் டீ கொட்டினால் சாதாரண மெஷினில் கீபோர்டு மட்டும் மாற்றினால் போதும், அதில் மேல்பாகம் முழுக்க மாற்ற வேண்டும். ஒரு லட்சம் கொடுத்து வாங்குகிறவர் விபத்துக் காப்பையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சாதாரண வாரண்டியில் கீழே விழுந்ததும் தண்ணீர் பட்டதும் சேராது.

அப்புறம் இந்தப் பிராசஸர் பெயர்கள். "ரைசன் 5, ஏழாயிரம் சீரிஸ்" என்று பெட்டியில் போட்டிருக்கும். 7520யு என்றால் நாலு கோர் (கணக்குப் போடும் பிரிவு), உள்ளே இருப்பது பழைய ஜென் 2 தலைமுறை, ரேம் போர்டில் ஒட்டியது. 7530யு என்றால் ஆறு கோர், ஜென் 3. பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அந்த எண் வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், உள்ளே எந்தத் தலைமுறை என்பதை அதுதான் சொல்லும். இன்டெலில் நாற்பதுக்குள் என்றால் ஐ3-1215யு பரவாயில்லை, பெயர் ஐ3 என்றாலும் ஆறு கோர் இருக்கிறது. செலரான் என்4020 போட்டு 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய மெதுவான சேமிப்பு) வைத்தது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்கே அதில் இடம் இருக்காது, அந்தச் சேமிப்பை மாற்றவும் முடியாது.

எட்டு ஜிபி ரேமோடு வாங்கினாலும் பிறகு ரேம் சேர்க்கக் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் இரண்டும் கிடைக்கிற விலையில் இருந்தால் 16 ஜிபி போட்டே வருவதை எடுப்பது இப்போதைக்கு நல்லது.

விழுப்புரம், பி.காம் முடித்தவர்

எல்லோரும் நாற்பது, ஐம்பது என்று பேசுகிறீர்கள். நான் மூன்று வருடமும் படித்தது அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில். 2011-ல் தொடங்கிய திட்டம் அது, அக்கா வாங்கியது சில வருடம் கழித்து. என் கைக்கு வந்தபோது ஆன் செய்துவிட்டுப் போய்த் தண்ணீர் பிடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக எழும். 2022-ல் ஊரில் ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேம் நாலு ஜிபி சேர்த்தோம். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரத்தைத் தொட்டது. அதன் பிறகு கணக்கு எழுதும் டேலி, எக்ஸெல், கூகுள் மீட் எதிலும் பிரச்சினை வரவில்லை.

டேலிக்குப் பெரிய மெஷின் தேவையே இல்லை. படிக்கிறவர்கள் எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே பழகலாம். அதில் ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி, மாதக் கடைசித் தேதி மட்டும்தான் பதிவு போட விடும். எங்கள் வகுப்பில் பயிற்சிக்கு உருவாக்கிய எல்லாக் கம்பெனியும் ஒன்றாம் தேதியே சரக்கு வாங்கி, இரண்டாம் தேதியே விற்று, மாதக் கடைசியில் சம்பளம் போட்டுவிடும்!

ஆனால் இதையே இப்போது செய்யச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது, அந்த மெஷின் 11-க்குப் போகாது. தம்பி சேர்ந்திருப்பது அரசுக் கல்லூரி என்றால் வாங்கும் முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள். இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பி.காமுக்கு அது தாராளம். மெக்கானிக்கலுக்குப் போதுமா என்பதைத் திருச்சிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

திருச்சி, மெக்கானிக்கல் இறுதியாண்டு

முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். ஆன்சிஸில் மெஷ் (பாகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது) கொஞ்சம் நெருக்கமாகப் போட்டால் 8 ஜிபி அழுதுவிடும்.

சென்னை, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் மூன்றாம் ஆண்டு

கேமிங் லேப்டாப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் துறையில் பாதிப்பேரிடம் அதுதான். "மாடல் ட்ரெயின் பண்ண ஜிபியூ வேணும்ப்பா" என்று வீட்டில் சொல்லி வாங்கியது, ட்ரெயின் ஆனது பெரும்பாலும் ராத்திரி பதினோரு மணி வேலரண்ட் கேம். என்னுடையதில் இருக்கும் ஜிபியூ, அதாவது கிராஃபிக்ஸ் சிப், ஆர்டிஎக்ஸ் 3050, அதன் நினைவகம் 4 ஜிபி. இணையத்தில் கூகுள் கோலாப் இலவசமாகக் கொடுக்கும் டி4 ஜிபியூவில் 16 ஜிபி இருக்கிறது. கேகிள் தளத்தில் வாரத்துக்குச் சுமார் முப்பது மணி நேரம் ஜிபியூ கிடைக்கிறது. செமஸ்டர் புராஜெக்டுக்கு நான் கடைசியில் ஒதுங்கியது அங்கேதான், பக்கத்து பெஞ்சில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மெஷின் வைத்திருந்தவளும் அங்கேதான் ஓட்டினாள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். அவள் பை மட்டும் லேசாக இருந்தது. என்னுடையது 2.3 கிலோ, செங்கல் மாதிரி சார்ஜர் தனி, தாம்பரம் மின்சார ரயிலில் நின்றுகொண்டே தினமும் தூக்கிப் போக வேண்டும்.

மெக்கானிக்கலுக்கு வேறு கணக்கு. சாலிட்வொர்க்ஸில் பெரிய அசெம்பிளியைத் திருப்பிப் பார்க்கத் தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்மையிலேயே கைகொடுக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தம்பி ஹாஸ்டல் என்றால் எடையும் பெரிய விஷயமில்லை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன் என்றால் தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மதுரை, ஒரு அப்பா

பிள்ளைகள் எல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். காசு கட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். என் மகள் ஈசிஇ. சிப் வடிவமைக்கும் மென்பொருள், விவாடோ என்று ஒன்று போடச் சொன்னார்கள், அது மட்டுமே ஐம்பது ஜிபிக்கு மேல் விழுங்கியது. 256 ஜிபி போதும் என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார், மகள் விடாப்பிடியாக 512 கேட்டாள். அவள் கேட்டதுதான் சரி.

நான் எடுத்தது நோ காஸ்ட் இஎம்ஐயில். வட்டி இல்லை என்பார்கள். நடப்பது என்னவென்றால், வட்டியை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு வங்கி வழக்கம்போல் வட்டி போடும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில், பிராசஸிங் கட்டணம் தனி. தொகை பெரிதில்லை, ஆனால் "ஒரு பைசாகூட அதிகம் வராது சார்" என்று சொல்லி விற்றார்கள். முழுப் பணமும் கொடுத்தால் என்ன குறையும் என்று கேளுங்கள். நான் கேட்டபோது இரண்டாயிரம் குறைத்து, பையும் மவுஸும் தர முன்வந்தார்கள்.

மாமா தரும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, தப்பாக நினைக்க வேண்டாம். முதல் வருடமே ஒரு லட்சத்தைப் போட்டால், மூன்றாம் வருடம் அது ரயிலில் தொலைந்தாலோ உடைந்தாலோ இன்னொரு முறை அவரிடம் போய் நிற்க முடியாது. ஐம்பதுக்குள் வாங்கிவிட்டு மீதியை மாமாவிடமே விட்டு வையுங்கள். மூன்றாம் வருடம் நிஜமாகவே தேவைப்பட்டால் தம்பியே போய்க் கேட்கட்டும்.

கோவை, எம்.எஸ்சி. கணிதம்

பழையதைச் சரி செய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு யாரும் பார்க்கவில்லையா? ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட் டி480 வைத்திருக்கிறேன். இரண்டு ரேம் ஸ்லாட், இரண்டு பேட்டரி, ஒன்றை வெளியே கழற்றி மாட்டலாம். எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 ஏறுகிறது. பார்க்க அவ்வளவு லட்சணமில்லை, ஆனால் இதில் டைப் செய்துவிட்டு வேறு எதில் கை வைத்தாலும் பிடிக்கவில்லை.

சென்னை, ரிச்சி தெருவில் சர்வீஸ்

டி480 நல்ல தேர்வு. அதற்கு ஒரு படி கீழே டி470 என்று மலிவாகத் தருவார்கள், அது ஏழாம் தலைமுறை வரைதான், விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதியில்லை. கடையில் நிற்கும்போதே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. டிசைன் கெபாசிட்டியும் (புதிதில் பிடித்த சார்ஜ்) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் (இப்போது பிடிப்பது) பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள், பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பில்லில் சீரியல் எண்ணையும் கடை வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் பேனாவால் எழுதி சீல் வைத்து வாங்குங்கள்.