பழைய வண்டி ஏசி பைப் நட் கழலவில்லை, அவசர உதவி

திருவொற்றியூர்94 | சனி, காலை 9.40
ஏசி பைப் நட் கழல மாட்டேன் என்கிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து போராடுகிறேன். 22 ஸ்பானர் ஏறவில்லை. 24 போட்டால் வழுக்கி, நட்டின் முனை மழுங்குகிறது. டிரையர் பாட்டிலை (ஏசி காஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பாட்டில்) மாற்றியே ஆக வேண்டும். திங்கட்கிழமை வண்டி தேவை. யாராவது வழி சொல்லுங்கள்.

காலடிப்பேட்டை | 9.52
என்ன வண்டி? எந்த வருடம்? கம்பெனி ஏசியா, வெளியே கடையில் மாட்டியதா?

கூலிங்காயில் | 9.58
உள்ளே காஸ் இருக்கிறதா இல்லையா? அதைச் சொல்லாமல் நட்டில் கை வைக்காதீர்கள். ஆர்12 (பழைய ஏசி காஸ்) என்றால் வெளியே வரும்போது மைனஸ் 30 டிகிரிக்குக் கொதிக்கும். கையிலோ கண்ணிலோ பட்டால் அந்தக் குளிரிலேயே வெந்துபோகும்.

ராயபுரம்_டர்னர் | 10.10
இது கடல் காற்று வேலை சார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வண்டியைத் திறந்தாலும் இதே கதைதான். டீசலும் பிரேக் ஆயிலும் சரிபாதி கலந்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் தானாக வரும்.

பழையவண்டி_மூத்தவர் | 10.31
தம்பி, பழைய வண்டி வைத்துக்கொள்ள ஆசை மட்டும் போதாது, அளவு தெரிய வேண்டும். அது மில்லிமீட்டர் நட் இல்லை, இஞ்ச் நட். ⅞ இஞ்ச் என்றால் 22.2 மில்லிமீட்டர். 22 எப்படி ஏறும்? 24 போட்டு முனையைக் கெடுத்தாகிவிட்டது. இருபது வருடமாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை.

காலடிப்பேட்டை | 10.36
மூத்தவர் சொல்வது சரிதான் அண்ணே. ஆனால் வண்டி எது என்றே இன்னும் தெரியவில்லையே.

திருவொற்றியூர்94 | 11.15
கான்டெஸா கிளாசிக், 94. அப்பா வண்டி. ஏசி வெளியே மாட்டியது. காஸ் போய் வருடக்கணக்கில் ஆகிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்: பலமாகத் திருகினால் பைப்பும் சேர்ந்து முறுக்குகிறது.

கூலிங்காயில் | 11.24
‘நினைக்கிறேன்’ போதாது. ஏசி கடையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் மெஷினில் இழுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

ராயபுரம்_டர்னர் | 11.30
சரி, அப்போ காஸ் வெல்டிங் டார்ச் ஒரு நிமிடம் காட்டினால் போதும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினிய நட் இரும்பு மரையை விட்டுவிடும்.

கூலிங்காயில் | 11.33
டார்ச் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் ஆர்12 மிச்சம் இருந்து நெருப்பில் பட்டாலும் ஃபாஸ்ஜீன் மாதிரி விஷ வாயு வரும். மூடிய ஷெட்டில் உயிருக்கே ஆபத்து. டிரையர் பாட்டிலைச் சூடாக்கினால் வெடிக்கவும் கூடும். சூடு காட்டுவதென்றால், பாட்டில் காலி என்று உறுதியான பிறகு, ஹீட் கன் மட்டும்.

ராயபுரம்_டர்னர் | 11.41
முப்பது வருடமாக டார்ச் பிடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொருக்குப்பேட்டை_ஷெட் | 11.55
சண்டை அப்புறம். பைப் முறுக்குகிறது என்று சொன்னதுதான் முக்கியம். நட் மரையில் பிடித்திருந்தால் அசையவே அசையாது. இங்கே நட் கொஞ்சம் சுற்றுகிறது, பைப் கூடவே வருகிறது. அப்படியானால் பிடித்திருப்பது நட்டின் பின்பக்கம், பைப் நுழைகிற இடத்தில். வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் பூத்திருக்கும், பாருங்கள். அதைச் சுரண்டி, எமரி பேப்பரால் பைப்பைச் சுற்றித் தேயுங்கள். எண்ணெயை மரையில் விடாதீர்கள், அந்தப் பின்பக்க இடுக்கில் விடுங்கள். பிறகு கால் சுற்று இறுக்கம், கால் சுற்று தளர்வு என்று முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருங்கள். எதிர்ப்பக்க ஃபிட்டிங்கை இன்னொரு ஸ்பானரால் கட்டாயம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கண்டென்சர் (காஸைக் குளிரவைக்கும் முன்பக்கப் பாகம்) வாய் உடைந்துவிடும்.

காலடிப்பேட்டை | 12.20
⅞ ஸ்பானர் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பைப் நட்டுக்கென்று வாய் திறந்த ரிங் ஸ்பானர் இருக்கிறது, அதைக் கேளுங்கள். பைப் வழியாக நுழைந்து ஐந்து முனையைப் பிடிக்கும், மழுங்கியதையும் பெரும்பாலும் கழற்றிவிடும்.

பழையவண்டி_மூத்தவர் | மதியம் 1.05
கான்டெஸாவுக்கு வெளியே ஏசி மாட்டியதே தப்பு. இஞ்சின் சூடு ஏறும்.

ராயபுரம்_டர்னர் | 1.12
சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாமல் வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா சார்? ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் சூடு ஏறாது. என் மாமா அம்பாசிடரிலேயே மாட்டி ஓட்டினார்.

பழையவண்டி_மூத்தவர் | 1.20
அம்பாசிடர் வேறு, இது வேறு. 1.8 இசுஸு இஞ்சின் ஓடுகிற வண்டி இது. அதைப் பத்திரமாக வைத்திருப்பது நம் பொறுப்பு.

கூலிங்காயில் | 2.02
பேச்சு திசை மாறுகிறது. அவர் மாட்டும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆர்12 இனி கிடைக்காது, அதற்குப் பின் வந்த ஆர்134ஏ காஸுக்கு மாற வேண்டியிருக்கும். கம்ப்ரஸரில் உள்ள பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது. அதை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் விடுங்கள். ஓ-ரிங் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் புதிதாகப் போடுங்கள், பச்சை நிற ஹெச்என்பிஆர் ரப்பர். மாட்டும் முன் அதே ஆயிலில் தோய்த்து மாட்டுங்கள். டிரையரின் மூடியைக் கடைசி நிமிடம் வரை திறக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும்.

திருவொற்றியூர்94 | ஞாயிறு, இரவு 8.47
வந்துவிட்டது. கேஜ் மாட்டிப் பார்த்தார்கள், காஸ் சுத்தமாக இல்லை. பின்பக்கம் சுண்ணாம்புதான். தேய்த்து, எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஆட்டினேன். ஷெட் அண்ணனுக்கு நன்றி. இரண்டாவது நட் மட்டும் பைப்போடு முறுக்கிக்கொண்டது, அறுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பைப் புதிதாகச் செய்ய எங்கே கொடுக்கலாம்?

காலடிப்பேட்டை | 8.53
புதுப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள். பழைய பைப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். அலுமினியமா, ரப்பர் ஹோஸா?